எங்க வீட்டுப் பாடவேளை

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பது பட்டணத்தில் சிலருக்கு ஒரு விருப்பம். எங்களுக்கு அது 2020 மார்ச்சில் தலையில் வந்து விழுந்தது. கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். உடன்குடிப் பக்கம் எங்கள் தெருவில் அண்ணன்மார் மூன்று பேர் குடும்பமும் ஒரே வளவுக்குள் இருக்கிறோம். பிள்ளைகள் ஒன்பது. ஒண்ணாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் ஆள் உண்டு. பி.ஏ. படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் தையல் மிஷினோடு வாத்தியார் வேலையும் எனக்கு வந்தது.

ஊரடங்கு தளர்ந்ததும் பெரியவர்கள் எல்லாரும் கூலிக்குப் போய்விட்டார்கள். மதினிமார் இரண்டு பேர் விடியுமுன்னே வண்டியேறி ஆறுமுகநேரி உப்பளத்துக்கு. இன்னொரு மதினி முருங்கைக்காய் பறிக்க. இருந்த ஒரே டச் போன் சின்ன அண்ணன் சட்டைப் பையோடு போய்விடும். கல்வித் தொலைக்காட்சியில் வகுப்பு வகுப்பாகப் பாடம் போட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒன்பது பிள்ளைக்கு ஒரு டிவி. அதுவும் கலைஞர் ஆட்சியில் கொடுத்தது, பாதிப் படம் பச்சையாகத் தெரியும்.

பாடவேளை போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன். பையன்மார் ஐந்து பேருக்கும் பகல் பூராவும் கிடந்தது. எட்டாம் வகுப்புப் போகவேண்டிய பெரியவளுக்கு அரைமணி நேரம்கூடத் தேறவில்லை. தண்ணி பிடிக்க, சட்டி கழுவ, மாவாட்ட, கைப்பிள்ளையைத் தூக்க. அவளுக்கு அடுத்தவளுக்கும் அதே கதைதான். பெரிய குடும்பத்தில் நேரம் இல்லை என்று எல்லாரும் சொல்கிறோம். நேரம் இருந்தது. இவள்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே நான் முதலில் போட்டது பாட அட்டவணை இல்லை, வேலை அட்டவணை. தண்ணியும் சட்டியும் பையன்மாருக்கு. மாவு முறை வைத்து. ஆச்சிக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, ஆம்பளப் பிள்ளைய சட்டி கழுவச் சொல்லுதியே, ஊரு சிரிக்காதா?"

"ஊரு நம்மளப் பாத்து எப்ப ஆச்சி சிரிக்காம இருந்துச்சு?"

அதுக்கப்புறம்தான் பாடம். காலையில் இரண்டு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம். ஒன்பது பேரையும் தனித்தனியாகப் பார்க்க யாராலும் முடியாது. அஞ்சாவது படிக்கிறவன் ஒண்ணாவதுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பான், அவனைப் பெரியவள் திருத்துவாள். சொல்லிக் கொடுக்கிற பிள்ளைக்குத்தான் பாடம் நன்றாக மனசில் நின்றது. கணக்குக்கு முருங்கைக்காய்க் கட்டு. அறிவியலுக்குக் கருப்பட்டி. எங்க ஆச்சி அந்தக் காலத்தில் விளைகளுக்குள் விறகு சுமந்தவள். பதநீர் காய்ச்சுகிற விடிலிகளுக்கெல்லாம் போட்டிருக்கிறாள். கலயத்துக்குள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்று அவள் சொல்ல, அமிலம், காரம் என்ற பாடத்தை அந்த இடத்தில் திறந்தோம்.

இதைச் சொல்லும்போதே ஒரு பயமும் இருக்கிறது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளிக்கூடம். மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்துப் போராடினார். 1954-இல் காமராஜர் வந்துதான் அது கைவிடப்பட்டது. எங்க தாத்தா வீட்டில் வைத்து எதைக் கற்றுக் கொடுத்திருப்பார்? செத்த மாடு தூக்குவதையா? எங்க ஆச்சியின் கருப்பட்டி அறிவு புத்தகத்துக்குப் போக ஒரு வழி. புத்தகத்துக்குப் பதில் அதுவே போதும் என்று எவன் சொன்னாலும் சண்டைதான்.

பம்பாய் பரேலில் ஒற்றை அறையில் குடும்பமே இருந்தபோது அம்பேத்கரை முன்ராத்திரியே தூங்க வைத்து, இரண்டு மணிக்கு அப்பா ராம்ஜி எழுப்பிவிடுவாராம் படிக்க. பதினான்காவது பிள்ளை அவர். இந்தக் கதையைக் கூட்டங்களில் எல்லாரும் சொல்கிறோம். தாயில்லாத அந்தப் பிள்ளைகளைச் சோறாக்கிப் போட்டு வளர்த்த அத்தை மீராபாயை யாரும் சொல்வதில்லை. எங்க பிள்ளைகளுக்கு நான் இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

2021 கோடையில் ஒரு ஏஜென்ட் வளவுக்குள் வந்தான். திருப்பூர்ப் பக்கம் மில்லு, பொம்பளப் பிள்ளைக்குத் தங்க இடம், சாப்பாடு, மூணு வருசம் முடிஞ்சா மொத்தமாக் கல்யாணப் பணம் என்றான். முதல் ஊரடங்கில் வாங்கிய வட்டிக் கடன் அண்ணன் கழுத்தில் கிடந்தது. மதினி ரெண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூணாம் நாள் ராத்திரி பெரியவள் தம்பிமாருக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்ததை வாசல்படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கேட்டாள். "இவ போயிட்டா இதுகளுக்கு யாரு சொல்லிக் குடுப்பா" என்றாள். அந்தப் பிள்ளைக்காகவே சொல்லியிருக்கலாம். எனக்கு அதில் வருத்தம்தான். இருந்தாலும் ஏஜென்ட்டுக்குப் பதில் போய்விட்டது.

செப்டம்பர் 1-ஆம் தேதி ஒன்பதாம் வகுப்பு திறந்தபோது அவள் போனாள். சின்னதுகளுக்கு நவம்பரில் திறந்தது. அந்தச் சமயம் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி, மாலையில் தெருவிலேயே வகுப்பு நடத்தத் தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தது. நான் மிஷினுக்குத் திரும்பினேன்.

பெரியவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்த வேலை நோட்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது. மாவாட்டுகிற முறை வந்தால் பையன்மாருக்கு இன்னைக்கும் வயிற்று வலி வந்துவிடும்.