தப்பு காயும் நேரம்

இலங்கையின் எல்கடுவ போன்ற மலையகத் தேயிலைத் தோட்டங்களில், தப்பு எனும் தோல் பறையின் பக்குவத்தைச் சொல்வது காதுதான். அதன் தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தளரும். ஒலி கீழிறங்கி 'தொப்' என்று மந்தமாகும். ஹுன்னஸ்கிரி மலைப்பக்கத்து மூடுபனியில் இது அடிக்கடி நடப்பது. அதனால் அடிக்கும் முன் வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, தோலைத் தீயில் காட்டுவார்கள். இடையிடையே விரலால் சுண்டிக் கேட்பார்கள். மந்தம் போய்க் கணீரென்று வந்ததும் தீயை விட்டு விலக்கிவிட வேண்டும். அதற்கு மேல் காய்ந்தால் தோல் வெடிக்கும்.

கேட்பவர்களின் காதும் பழகியதுதான். முன்பு விடியலில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிட்டதும் தப்பே. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு வேறோர் அடி. லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள் இருந்தபடியே என்ன சேதி என்று தெரிந்துகொள்வார்கள். மாசியில் தொடங்கும் காமன் கூத்தில் ஆட்டத்துக்கேற்ப அடி மாறும். ஆடுபவரின் கால் அதைப் பிடித்துக்கொள்ளும். தப்பொலியை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கியவர்கள் சரியாகக் கேட்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலையிலும் இதே காது வேலை செய்கிறது. கொழுந்தை உருட்டும் ரோலரின் சீரான ஓட்டத்தில் புதிதாக ஒரு கரகரப்பு சேர்ந்தால், அனுபவசாலி திருப்புளியின் முனையை பேரிங் கூட்டில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். இரும்பு வழியே அதிர்வு நேராக வருவதால் சுற்றுச் சத்தம் அமுங்கிவிடும்.