சாணி போடாத லட்சுமி

திருவொற்றியூரில் மூன்று கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கிறவன் நான். இங்கே மேய்ச்சல் தரை ஏது? காலையில் கறந்ததும் அவிழ்த்துவிடுவேன். தெருவில் கிடைத்ததைத் தின்றுவிட்டுச் சாயங்காலம் கொட்டகைக்குத் திரும்பிவிடும். தீவனச் செலவு மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

சினை மாடான லட்சுமி திடீரென அசைபோடுவதை நிறுத்தியது. சாணி போட முடியாமல், பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொண்டே இருந்தது. கை வைத்தியத்திலேயே ஒரு வாரத்தை வீணடித்தேன். பிறகுதான் குட்டியானையில் ஏற்றி, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது.

டாக்டரம்மா மாட்டின் இடப்பக்கப் பள்ளையில் கையை மடக்கி அழுத்தினார். அழுத்திய குழி அப்படியே நின்றது.

''மாடு எங்கண்ணே மேயுது?''

எனக்கு வாய் வரவில்லை.

''உள்ள பிளாஸ்டிக் இருக்கு. செரிக்காது, சாணியோட வெளியவும் வராது. அறுத்துத்தான் எடுக்கணும்'' என்றார். 2019 அக்டோபரில், திருமுல்லைவாயல் பசு ஒன்றின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை இங்கேதான் எடுத்திருக்கிறார்கள். ஐந்தரை மணி நேர ஆபரேஷனாம்.

மரத்துப்போக ஊசி போட்டு, லட்சுமியை நிற்க வைத்தே பள்ளையில் கீறினார்கள். தோள் வரை கையை விட்டுப் பால் கவர், கேரி பேக், நைலான் கயிறு என்று இழுத்து இழுத்துப் போட்டார் டாக்டரம்மா. நாற்றம் தாங்காமல் நான் வெளியே வந்துவிட்டேன். அவர் கை ஓய்ந்ததும் இன்னொரு டாக்டர் மாறிக்கொண்டார்.

லட்சுமி பிழைத்தது, கன்றும் தங்கியது. சந்தையில் மாடு பிடிப்பவர்களும் அந்தப் பள்ளையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது முன்பு எங்கே மேய்ந்ததோ, யாருக்குத் தெரியும்?

இப்போது எதையும் அவிழ்த்துவிடுவதில்லை. வைக்கோலும் தவிடும் வாங்கிக் கட்டுப்படியாகாமல், ஒரு மாட்டை விற்றுவிட்டேன்.