டைனோசர் வரவேற்கும் ஹோட்டல்... பெயர் சொல்லி அழைக்கும் விடுதி!

ஹோட்டலுக்குள் நுழைகிறீர்கள். ரிசப்ஷனில் தொப்பி போட்ட டைனோசர் ஒன்று தலையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறது. பக்கத்தில் பெண் உருவத்தில் இன்னொரு ரோபோ.

ஜப்பானின் நாகசாகி மாகாணத்தில், 'ஹவுஸ் டென் போஸ்' தீம் பார்க்கை ஒட்டி 2015 ஜூலையில் திறக்கப்பட்ட 'ஹென் நா ஹோட்டல்' இது. 'ஹென் நா' என்றால் விசித்திரமான என்று அர்த்தம். அந்தத் தீம் பார்க்கே ஜப்பானுக்குள் கட்டிய ஒரு குட்டி நெதர்லாந்துதான், அதனால் டைனோசர் அங்கே ரொம்பவும் உறுத்தாது! ரோபோக்கள் வேலை பார்க்கும் உலகின் முதல் ஹோட்டல் என்று கின்னஸ் அங்கீகாரமும் கிடைத்தது. முதியவர்கள் பெருகி, வேலைக்கு ஆள் கிடைக்காமல் திணறும் நாட்டில் இப்படி ஒரு யோசனை வந்ததில் ஆச்சர்யம் இல்லை.

ஆனால் 2019 ஜனவரியில், அங்கிருந்த 243 ரோபோக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. டைனோசரால் பாஸ்போர்ட்டை நகல் எடுக்க முடியாது, அதற்கு ஓர் ஆள் ஓடிவர வேண்டும். பெட்டி தூக்கும் ரோபோக்களால் நூற்றுக்கும் அதிகமான அறைகளில் சுமார் இரண்டு டஜன் அறைகளுக்குத்தான் போக முடிந்தது. மழை, பனி என்றால் அதுவும் இல்லை. உச்சக்கட்டம், படுக்கையருகே வைத்திருந்த 'சுரி' பொம்மை. ஒரு விருந்தாளியின் குறட்டையைக் கேள்வி என்று நினைத்துக்கொண்டு, புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று அவரை இரவில் பலமுறை எழுப்பியிருக்கிறது.

சிரிப்பு வருகிறது. ஆனால் ரோபோக்களைச் சரிசெய்யவே ஊழியர்கள் ஓவர்டைம் பார்க்க வேண்டியிருந்ததாம். வேலையைக் குறைக்க வந்த இயந்திரம், வேலையைக் கூட்டிவிட்டது.

சாவிக்குப் பதில் முகத்தைக் காட்டித் திறக்கும் கதவும் அங்கே இருந்தது. அதில் எனக்குப் புகார் இல்லை. சாவிக்கொத்து என்றைக்கு நம்மிடம் நலம் விசாரித்தது? மனிதர்போல நடிக்க வந்த இயந்திரம்தான் மாட்டிக்கொண்டது.

இதே ஜப்பானில், டோக்கியோவுக்குத் தென்மேற்கே கனகாவா மாகாணத்தில், ட்சுருமாகி வெந்நீர் ஊற்றுப் பகுதியில் 'ஜின்யா' என்றொரு விடுதி இருக்கிறது. 1918-ல் தொடங்கிய 'ரியோகான்', அதாவது பாரம்பரியத் தங்கும் விடுதி. ரியோகானில் கிமோனோ அணிந்த பணிப்பெண் அறைக்கே தேநீர் கொண்டுவருவார். நீங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் தரையில் மெத்தை விரித்திருக்கும். கிளம்பும்போது உங்கள் வண்டி கண்ணுக்கு மறையும்வரை வாசலில் நின்று வழியனுப்புவார்கள்.

2009-ல் ஜின்யாவின் பொறுப்பு டோமியோ மியாசாகி கைக்கு வந்தபோது, கூடவே சுமார் 100 கோடி யென் கடனும் வந்தது. அவர் ஹோண்டாவில் இன்ஜினீயராக இருந்தவர். ரோபோ வாங்கவில்லை. விடுதிக்கென்றே ஒரு மென்பொருளை உருவாக்கினார். எந்த விருந்தாளிக்கு எந்த உணவு ஒவ்வாது, போன தடவை எதை ரசித்தார் என்பதெல்லாம் ஊழியர் கையிலிருக்கும் டேப்லெட்டில் வந்துவிடும். வாசல் கேமரா கார் எண்ணைப் படித்துச் சொல்ல, நீங்கள் இறங்கும்போதே பெயர் சொல்லி வணங்குகிறார்கள். குளியலறை வெந்நீரின் சூட்டைக்கூட சென்சார் கவனித்துக்கொள்கிறது, யாரும் நடையாய் நடக்க வேண்டியதில்லை.

டேப்லெட்டைப் பார்த்துப் பெயர் சொல்வதெல்லாம் ஒரு உபசரிப்பா என்று கேட்கலாம். எனக்கும் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் முன்பும் இந்த விவரங்கள் நோட்டுப் புத்தகத்திலோ, 'ஒகாமி' எனப்படும் விடுதித் தலைவியின் ஞாபகத்திலோதான் இருந்தன. அவருக்கு மட்டும் தெரிந்தது இப்போது எல்லா ஊழியருக்கும் தெரிகிறது. தேநீர்க் கோப்பையை நீட்டுவது இன்றும் ஒரு மனிதக் கைதான்.

கடனில் இருந்த விடுதி லாபத்துக்குத் திரும்பியது. ஜின்யாவின் மென்பொருளை இப்போது மற்ற ரியோகான்களும் காசு கொடுத்து வாங்குகின்றன.

இன்னொன்று. வருடம் 365 நாளும் திறந்திருப்பதுதான் ரியோகான்களின் வழக்கம். ஜின்யாவோ 2014-லிருந்து வாரத்தில் சில நாள் கதவைச் சாத்திவிட்டு ஊழியர்களுக்கு ஓய்வு கொடுக்கிறது. போக நினைப்பவர்கள் விடுமுறை நாள் எது என்று பார்த்துவிட்டு புக் பண்ணுங்கள்.