இரவுக் கபடி நேரலை: காசு எங்கே போகவேண்டும்?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மேற்கே மலை, வழிநெடுக நூற்பாலைகள், தோப்புகள். இந்தப் பக்கத்து ஊர்களில் கோயில் பொங்கலுக்கோ தைப்பொங்கலுக்கோ கபடிப் போட்டி வைத்தால், மைக்செட்காரர், லைட்காரர் வரிசையில் இப்போது ‘லைவ்காரர்’ ஒருவரும் வந்துவிடுகிறார். பெரும்பாலும் கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய கை. 2014இல் புரோ கபடி தொடங்கியது, 2016இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது, 2017இல் தமிழ் தலைவாஸ் களமிறங்கியது. இந்த மூன்றும் சேர்ந்துதான் இந்தத் தொழிலை ஊருக்குள் கொண்டுவந்தன; கூடவே ஒரு சுமையையும் ஏற்றின. திருப்பூரிலும் துபாயிலும் இருந்து பார்க்கிற உள்ளூர்ப் பிள்ளைகள் ‘டிவியில வர்ற மாதிரி’ கேட்கிறார்கள். விழாக் கமிட்டியும் லைவ்காரரும் அதற்குக் கண்டுபிடித்திருக்கும் விடை, இன்னொரு காமிரா. அந்த விடை தவறு என்பது களத்தில் பார்த்ததை வைத்து நான் சொல்வது. கையில் இருக்கும் கொஞ்சக் காசு முதலில் ஆட்டம் தெரிந்த ஆளுக்கும், அடுத்து சத்தத்துக்கும் நெட்டுக்கும் போகவேண்டும். காமிராவுக்குக் கடைசியில் போனால் போதும்.

காமிரா நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டுக்கு நேராகப் பக்கவாட்டில், கயிற்றைப் பிடித்து நிற்கும் கூட்டத்தின் தலைக்கு மேலே நின்றால் இரண்டு பாதியும் ஒரே சட்டகத்தில் அடங்கும். எதிரணியில் 6 பேருக்குக் குறையாமல் நிற்கும்போது, ரைடர் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி மறுகாலைத் தரையில் படாமல் தூக்கினால் ஒரு புள்ளி. அந்தத் தூக்கிய காலைப் பக்கவாட்டிலிருந்துதான் பிடிக்க முடியும். களத்தின் பின்கோட்டுப் பக்கம் போய் நின்றால் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் வீரர்களின் முதுகைத்தான் காட்டும். டிராக்டர் டிரெய்லரோ, கட்டட வேலைக்குப் போடும் சாரமோ இருந்தால் இந்த உயரம் கிடைத்துவிடும். சாதாரணக் காமிரா ஒன்று, ஆடாத ஸ்டாண்ட் ஒன்று. மெட்டல் லைட்டில் படம் துடித்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வைத்து ஷட்டரை ஐம்பதில் ஒன்றுக்கோ நூறில் ஒன்றுக்கோ மாற்றினால் சரியாகிவிடும். இவற்றில் எதற்கும் பெரிய காசு இல்லை. போனஸ் எப்போது விழும் என்று அறிந்தவர் காமிராவைப் பிடித்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

‘டிவி மாதிரி’ என்ற உணர்வைத் தருவது எது என்று யோசித்தால், அது திரையின் மூலையில் நிற்கும் ஸ்கோர் பெட்டி. இது தொலைக்காட்சியோடு பிறந்தது அல்ல. 1992இல் இங்கிலாந்தில் பிரீமியர் லீக் தொடங்கியபோது, ஸ்கை ஸ்போர்ட்ஸைப் பொறுப்பேற்று நடத்திய ஆஸ்திரேலியர் டேவிட் ஹில்தான் கோல் கணக்கையும் நேரத்தையும் ஆட்டம் முழுக்கத் திரையில் நிறுத்தினார். பிறகு ஃபாக்ஸ் தொலைக்காட்சிக்குப் போய் 1994இல் அமெரிக்கக் கால்பந்திலும் அதையே செய்தார். எத்தனையோ காமிராக்கள் வைத்திருந்த நிறுவனங்களுக்கு அதுவரை தோன்றாத இந்த வசதியை, 2012இல் வெளிவந்த இலவச மென்பொருள் ஓபிஎஸ் இன்று யாருக்கும் தந்துவிடுகிறது. ஆனால் பெட்டிக்குள் எண்ணை மாற்ற ஓர் ஆள் வேண்டும். பந்தல் ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவரின் வேலை நுணுக்கமானது. ரைடர் திரும்பியதும் கூட்டம் கத்தும். அதைக் கேட்டு எண்ணைத் தட்டக்கூடாது. நடுவரின் கை உயர்கிறதா, துணை நடுவர் மறுக்கிறாரா, ஸ்கோர் மேசையில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்த பிறகே தட்டவேண்டும். ஆல் அவுட் ஆனால் கூடுதலாக 2 புள்ளி. அதை மறந்தால் ஆட்டம் முடியும்வரை திரையில் ஒரு கணக்கு, பலகையில் ஒரு கணக்கு. ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவது படம் மங்கலாக இருப்பதற்காக அல்ல, இந்தக் கணக்குப் பிழைக்காகத்தான்.

சத்தத்தின் கதை இன்னும் வருத்தமானது. காமிராவின் மைக்கையே நம்பினால் ஆடிக் காற்றும் ஜெனரேட்டரும்தான் கேட்கும். மைக்செட்காரரின் மிக்ஸரிலிருந்து ஒரு லைன் எடுத்து, அளவைக் குறைத்து உள்ளே விட்டால் வர்ணனையாளரின் குரல் தெளிவாக வந்துவிடும். குறைக்காமல் விட்டால் சத்தம் கிழியும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் வானொலியில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்த காலத்தில் படமே கிடையாது. ஆனாலும் கேட்டவர்களுக்கு ஆட்டம் புரிந்தது. நம் கபடி மைதானங்களில் அந்த மரபின் வாரிசாக ஒருவர் மைக் பிடித்து நிற்கிறார். அவர் குரல் நேரலைக்குள் வராமல் போவது பெரும் இழப்பு. அதே லைனில் இடைவேளைச் சினிமாப் பாட்டும் வந்துவிடும் என்பது உண்மை. யூடியூபின் தானியங்கிச் சோதனை பாட்டைக் கண்டுபிடித்தால் பதிப்புரிமைக் கோரல் வரும், நேரலையே தடைபடவும் கூடும். பாட்டு ஓடும்போது அந்த லைனை மூட ஒரு கை வேண்டும். இங்கும் தேவைப்படுவது ஆள்தான்.

நெட் விஷயம் வெறும் கணக்கு. 720பி படத்தை நொடிக்கு 4 மெகாபிட் வீதம் அனுப்பினால் மணிக்கு 1.8 ஜிபி ஆகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் சிம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். விடிய விடிய எட்டு மணி நேரப் போட்டிக்கு 14 ஜிபிக்கு மேல் வேண்டும். அதோடு இறுதி ஆட்டத்தின்போது மைதானத்தில் இருக்கும் எல்லோரும் அதே டவரில் வீடியோ அனுப்புவார்கள். ஆகவே பக்கத்து வீட்டு பிராட்பேண்ட் வயரை இழுத்து வைத்துக்கொண்டு, வேறு வேறு நிறுவனச் சிம் இரண்டைக் கைவசம் வைப்பதே விவரம். 1080பி என்று விளம்பரம் செய்துவிட்டுப் பாதியில் ‘சுத்த’ விடுவதைவிட, நிற்காத 720பி எவ்வளவோ மேல்.

ஒரு காமிராவில் ரீப்ளே ஏது, நெருக்கக் காட்சி ஏது, இளைஞர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ரீப்ளே ஒரு காமிராவிலும் போடலாம். கணினியில் கடைசிச் சில நொடிகளைச் சேமித்து வைத்தால் போதும். இரண்டாவது காமிராவுக்கு நான் எதிரி அல்ல. 2019இல் 295 டாலருக்கு ஏடெம் மினி என்ற ஸ்விட்சர் வந்த பிறகு நான்கு காமிராக்களை மாற்றிக் காட்டுவது யாருக்கும் எட்டும் வேலையாகிவிட்டது. ஆனால் மாற்றுகிறவருக்கு எந்த நொடியில் மாற்றுவது என்று தெரியாவிட்டால், ரைடர் கோட்டைத் தொடும்போது திரையில் கூட்டத்தின் முகம் இருக்கும். ஆளே வேண்டாம், தானாகப் பின்தொடரும் காமிரா வந்துவிட்டதே என்றும் சிலர் சொல்கிறார்கள். டென்மார்க்கின் வீயோ போன்றவை முதலில் கால்பந்துக்காக உருவானவை. பந்தே இல்லாத ஆட்டத்தில், சுண்ணாம்புக் கோடு அழிந்த மண் தரையில், அவற்றை நம்பிக் காசைக் கொட்ட நான் சொல்லமாட்டேன்.

எனக்கு உறுத்தலாக இருப்பது மூன்றாவது வாதம்: ஸ்கோர் போட ஊர்ப் பையன் ஒருவன் சும்மா வருவான். வருவான்தான். மாலையில் உட்கார்ந்தவன் நள்ளிரவு தாண்டியும் அதே நாற்காலியில் இருப்பான். டீயும் பரோட்டாவும்தான் கூலி. முக்கியமான ஆட்டங்கள் அதற்குப் பிறகே வரும், கண் சொக்கும் நேரத்தில்தான் பிழையும் விழும். பந்தல், லைட், மைக்செட் என்று கமிட்டி நோட்டில் செலவு எழுதும்போதே ஸ்கோருக்கு இரண்டு பேர் என்று எழுதி, பாதி இரவில் ஆளை மாற்றி, இருவருக்கும் சம்பளம் தரவேண்டும். வாடகைக்கு எடுக்கும் இரண்டாவது காமிராவை நிறுத்தினால் அந்தப் பணம் அங்கேயே கிடைக்கும்.