ஒளியும் குறியும்

வெற்றிக்கும் தோல்விக்கும் ஆடுபவனே பொறுப்பாளி என்னும் நம்பிக்கை உள்ளவரை விளையாட்டு விளையாட்டாகும். அந்நம்பிக்கை அழியுமிடத்து அது சூதாகின்றது. கண்ணாடி மூடிய சாய்பலகையில் உருக்குப் பந்தை ஓடவிடும் பின்போல் இயந்திரத்தின் வரலாறு இவ்வெல்லைக்கோட்டின் மீதே நடந்தது எனின் மிகையாகாது.

1942 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரம் இதனைச் சூதுக் கருவியெனத் தடைசெய்தது. மாநகர முதல்வர் லகார்டியா இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்துக் காட்டினார். அந்நாளில் விற்சுருளால் உந்தப்பட்ட பந்து பெரும்பாலும் தன் போக்கிலேயே உருண்டு வீழ்ந்தது. 1947 இல் சிக்காக்கோவின் கொட்லீப் நிறுவனம் வெளியிட்ட ‘ஹம்ப்டி டம்ப்டி’யில் மின்விசைத் துடுப்புகள் அமைந்தன, பந்தைத் திருப்பியடிக்கும் ஆற்றல் ஆடுபவன் கைக்கு வந்தது. ஆயினும் தடை 1976 இலேயே நீங்கியது. அவ்வாண்டு நகரசபைக் குழுவின் முன் றொஜர் ஷார்ப் என்பவர், பந்து நடுவழியே செல்லுமென முன்கூட்டிச் சொல்லி அவ்வாறே செலுத்திக் காட்டினார். இது குறிபார்க்கும் திறன் என்பது அன்று ஏற்கப்பட்டது.

குறிபார்ப்பதற்குக் கண் வேண்டும். விளக்கு அக்கண்ணுக்குத் துணையாகவே நின்றது. பலகையிற் பதித்த நிறவில்லையின் கீழ் மின்குமிழ் எரிந்தால் ‘இவ்வழியே அடி’ என்பது பொருள். இழைக்குமிழ் மெல்ல எரிந்து மெல்லவே அணைவதால் அம்மொழி அதட்டாது பேசிற்று.

அண்மைக்கால இயந்திரங்களில் ஒளிகாலும் இருவாயிகள் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. இவை குறைந்த மின்னில் இயங்குவன, சூட்டினாற் பலகையைக் கெடுக்காதன, நெடுநாள் உழைப்பன. இந்நன்மைகளை மறுத்தற்கில்லை. ஆயின் இவை கணத்தில் எரிந்து கணத்தில் அணைவன. 2013 இல் வெளிவந்த ‘த விசர்ட் ஒவ் ஓஸ்’ நிறம்மாறும் விளக்குகளைப் பலகையெங்கும் பரப்பிற்று. பின்வந்த சிலவற்றில் உட்சுவர்களிலும் ஒளிப்பட்டைகள் ஏறின.

பல பந்துகள் ஒருங்கே ஓடும் வேளையே கண் மிகவும் கூர்ந்திருக்க வேண்டிய வேளையாகும். அவ்வேளையிலேதான் விளக்குகள் யாவும் ஒருங்கே சிமிட்டுகின்றன. ஆடிபோல் மெருகிட்ட பந்து சூழ்ந்த நிறங்களையெல்லாம் தன்மேல் ஏற்றுக்கொள்கின்றது. மேற்கண்ணாடியிலும் ஒளி தெறிக்கின்றது. துடுப்பின் நுனியை அணுகும் கணத்திற் பந்து கண்ணுக்குத் தப்புகின்றது. ஆடுபவன் தன் கையை நோகின்றான், குற்றமோ கையினதன்று.

வழிப்போக்கரை அழைக்க ஒளி வேண்டுமெனக் கடைக்காரர் கூறுவது நியாயமே. ஆனால், நாணயம் இடும்வரை அழைக்கும் ஒளி வேறு; இட்டபின் வழிகாட்டும் ஒளி வேறு. ஒளியின் அளவைக் குறைக்கும் வசதி சில புதிய இயந்திரங்களில் உண்டு. அதனைப் பயன்படுத்துவதாற் கடைக்காரருக்குப் பெருநட்டம் நேராது. கண்ணைக் கூசவைத்துப் பந்தைப் பறிக்கும் இயந்திரமோ, 1976 இல் திறனென நிறுவப்பட்டதை மீண்டும் சூதின் பக்கம் தள்ளுகின்றது.