தென்கரை வழியே: கோவளம்

கேரளத்துக் கோவளம் ஒரே கடற்கரை அல்ல. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுமார் 15 கி.மீ. தொலைவில், பாறை முனைகள் பிரித்து வைத்த சிறு வளைவுகள் சிலவற்றுக்குச் சேர்த்து வழங்கும் பெயர் அது. (சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் வேறு.) தென்கோடி வளைவின் முனையில் குன்றின் மேல் நிற்கும் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1972 முதல் எரிகிறது. அதைத் தாண்டினால் விழிஞம். ஆய் மன்னர்களின் பழைய துறைமுகம், இன்றும் பெரிய மீனவர் ஊர்.

1930களில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் இங்கே கடலோர மாளிகை ஒன்று கட்டினார்கள். ஊரை உலகுக்குக் காட்டியவர்களோ 1960களின் இறுதியில் வரத் தொடங்கிய ஹிப்பிகள். அப்போது மணலுக்குப் பின்னால் தென்னந்தோப்பும் வயலும்தான்.

1970களின் தொடக்கத்தில் அரசு ஓட்டல் எழும்பியது. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா அதை மணலில் நிறுத்தாமல் குன்றுச் சரிவில் படிப்படியாகப் பதித்தார். அறைகள் கடலைப் பார்க்கும். கரையில் நடப்பவர் கண்ணைக் கட்டடம் உறுத்தாது. பின்னால் வந்தவர்கள் பின்பற்றியிருக்க வேண்டிய வழி அது. பின்பற்றவில்லை. 1990களில் ஐரோப்பாவிலிருந்து தனி விமானங்களில் பயணிகள் வந்திறங்கவே, வயல் இருந்த இடத்தில் விடுதிகளும், மணல் விளிம்பில் உணவகங்களும் ஆயுர்வேத நிலையங்களும் காஷ்மீர் வியாபாரிகளின் கடைகளும் நெருங்கின. அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடங்களைக் கட்டுப்படுத்திய கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991இல் வந்தது. அமைதி தேடியவர்கள் பிறகு வடக்கே வர்க்கலைக்கு நகர்ந்தார்கள்.

இந்தக் கரைக்கு இயல்பாகவே ஒரு போக்குவரத்து உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றின் பேரலைகள் மணலை வாரிக்கொண்டு போகும்; கடல் அடங்கியதும் சிற்றலைகள் அதைத் திரும்பக் கொண்டுவந்து போடும். அதற்குக் கரை அகலமாக இருக்க வேண்டும். சுவரும் நடைபாதையும் விளிம்பில் நின்றுவிட்டால், மோதித் திரும்பும் அலை சுவரின் காலடி மணலையும் அரித்துவிடுகிறது.

இடம் குறைந்ததை முதலில் உணர்ந்தவர்கள் கரமடி இழுப்பவர்கள். தமிழ்நாட்டில் கரைவலை என்பது இதைத்தான். வலையைக் கடலில் அரைவட்டமாகப் படகிலிருந்து இறக்கி, இரு நுனிக் கயிற்றையும் கரையில் இரண்டு அணியாக நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரு அணியும் ஒன்றையொன்று நோக்கி நகர வேண்டும். சாய்வு நாற்காலியும் குடையும் வரிசை கட்டிய மணலில் அந்தக் கயிறு போக வழி கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. பல தலைமுறைகளாகத் தங்கள் தொழிற்களமாக இருந்த மண்ணில் அவர்கள் வழி கேட்பது அநியாயம்.

இப்போது மாற்றத்தின் விசை சுற்றுலாவைவிடப் பெரியது. கரையருகிலேயே 18 முதல் 20 மீட்டர் வரை இயற்கை ஆழமும், பன்னாட்டுக் கப்பல் பாதையின் அண்மையும் இருப்பதால் விழிஞத்தில் 2015இல் துறைமுகப் பணி தொடங்கியது. அதன் அலைதடுப்புச் சுவர் சுமார் 3 கி.மீ. நீளம். வடக்கே வலியதுறை, சங்குமுகம் கரைகள் அரிக்கப்பட இந்தச் சுவரே காரணம் என்று மீனவர்கள் 2022இல் நூறு நாட்களுக்கு மேல் போராடினார்கள். துறைமுகத் தரப்பு அதை மறுத்தது. துறைமுகம் 2025 மே 2ஆம் தேதி முறைப்படி திறக்கப்பட்டது.