இறங்கிப் பார்த்த நிலையங்கள்

லண்டனில் ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்குக் கிடைக்கும் 'ஃப்ரீடம் பாஸ்' அட்டை, வார நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் நிலக்கீழ் ரயிலில் செல்லும். ஒன்பதுக்குச் சற்று முன் ஈஸ்ட்ஹாம் நிலையத்துக்குப் போனால் எங்கள் வயதுக்காரர் சிறு கூட்டமாகக் காத்து நிற்பதைக் காணலாம். தலைப்பாகை கட்டிய பஞ்சாபிப் பெரியவர், கைத்தடியோடு ஒரு ஜமேக்கா அம்மா, கோயிலுக்குப் புறப்பட்ட எங்கள் ஆட்கள். வேலைக்குப் போகிறவர்கள் எங்களை விலத்திக்கொண்டு ஓடுவார்கள். மணி ஒன்பதானதும் அட்டையை வைக்க, பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும்.

இந்த ஏற்பாடு 1973இல் தொடங்கியது. அப்போதிருந்த பெருநகர லண்டன் கவுன்சில் முதியவர்களை பஸ்ஸில் இலவசமாக ஏற்றியது. 1986இல் அந்தக் கவுன்சிலையே கலைத்துவிட்டார்கள். ஆனாலும் உள்ளூர்க் கவுன்சில்கள் ஒன்றுசேர்ந்து சலுகையைத் தாங்கிப் பிடித்தன. இன்றைக்கு பஸ், நிலக்கீழ் ரயில், ஓவர்கிரவுண்ட், டிராம் எல்லாவற்றிலும் செல்லும். எலிசபெத் பாதையில் லண்டன் எல்லையைத் தாண்டி ரெடிங் வரைக்கும் போகலாம். செலவைக் கவுன்சில்கள் கட்டுகின்றன. அதனால், கைகால் வழங்குகிற, காசும் உள்ள முதியவர்களுக்கு எதற்கு இலவசம் என்ற கேள்வி அடிக்கடி எழும். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. பெரியம்மாவின் மகள் அக்காவோடு ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்க ரயில் நிலையங்கள் பார்க்கப் போனதில்தான் அது எனக்குத் தெளிவானது.

நான் இந்த நகரத்துக்கு வந்தது எண்பதுகளில். விடிய முன்னம் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. பிறகு ஆஸ்பத்திரிச் சமையலறை. ரயில் என்றால் கண்ணயரக் கிடைக்கிற அரைமணித்தியாலம். எத்தனையாவது சோன் என்று பார்த்துத்தான் வீடு எடுத்தோம், வாரப் பாஸுக்கு எவ்வளவு என்று பார்த்துத்தான் வேலை எடுத்தோம். இடையில் எங்கேனும் இறங்குவது என்ற நினைப்பே வந்ததில்லை. இப்போதும் காசு கட்டிப் போகிறவர்களுக்கு அது அப்படித்தான். ஒரு பயணத்தை இத்தனை நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. பிளாட்போமில் அதிகம் தாமதித்தால் உச்சக் கட்டணத்தை அட்டையிலிருந்து எடுத்துவிடும். வெளியே போய்த் திரும்பி வந்தால் பெரும்பாலும் அது இன்னொரு பயணம், இன்னொரு கட்டணம். உலாவித் திரிகிறவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. எங்கள் அட்டை அந்தக் கணக்கிலிருந்து விடுபட்டது. இறங்கலாம், நிற்கலாம், பார்க்கலாம், அடுத்த வண்டியை விட்டுவிடலாம்.

அக்காவின் தகப்பனார் வடபகுதி ரயில் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம் என்று அடுத்தடுத்து வரும் அந்தச் சின்ன நிலையங்களின் பெயர்களை அக்கா இன்றைக்கும் ஒரே மூச்சில் சொல்லுவா. இலவசப் பயணமும் அவவுக்குப் புதிதல்ல. இலங்கையில் அரச உத்தியோகத்தருக்கு வருடாவருடம் வொறண்ட் கிடைக்கும். கொழும்பில் வேலை பார்த்த எங்கள் ஆட்கள் அதைப் பத்திரப்படுத்தி வைத்து, கோயில் திருவிழாவுக்கும் வருடப் பிறப்புக்கும் குடும்பத்தோடு யாழ்தேவி ஏறி வருவார்கள். "அப்பா வொறண்ட் எழுதிற நாளிலை வீடே கலியாண வீடு மாதிரி" என்பா அக்கா. வண்டி பிடிப்பது ஒரு வேலை, நிலையத்தில் நிற்பது வேறொரு சந்தோஷம் என்பது சிறு வயதிலேயே அவவுக்குத் தெரிந்திருந்தது. நான் அதை அறுபது தாண்டித்தான் கற்றுக்கொண்டேன்.

வெஸ்ட்ஹாமில் மாறி ஸ்ட்ராட்ஃபோர்ட், அங்கிருந்து சென்ட்ரல் பாதையில் கிழக்கு நோக்கிப் போனோம். லேட்டன்ஸ்டோன் தாண்டியதும் வண்டி நிலத்துக்குள் இறங்குகிறது. அங்கிருந்து காண்ட்ஸ் ஹில் வரைக்குமான சுரங்கத்துக்கு ஒரு கதை உண்டு. முப்பதுகளின் கடைசியில் தோண்டிய பாதை. தண்டவாளம் போடுவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. குண்டு விழாத இடம் தேடிய பிளெஸி கம்பனி அந்த இரட்டைச் சுரங்கத்துக்குள் தொழிற்சாலையை நடத்தியது. வானொலிக் கருவிகளுக்கும் விமானங்களுக்குமான பாகங்களை சுமார் 2000 பேர், அநேகமாகப் பெண்கள், பகலிரவாகச் செய்தார்கள். சாமான்களைக் கொண்டுபோக உள்ளே ஒரு குட்டி ரயிலும் ஓடியது. நிலத்துக்கு மேலே குண்டு, கீழே இயந்திரத்தின் முன் வேலை. அந்தப் பெண்கள் சிஃப்ட் முடிந்து வெளிச்சத்துக்கு ஏறி வந்தபோது வீடு நிற்கிறதா என்றுதான் முதலில் பார்த்திருப்பார்கள். பங்கருக்குள் இருந்து எழும்பி வந்த எங்கள் சனத்துக்கு அதை விளக்கத் தேவையில்லை.

காண்ட்ஸ் ஹில் நிலையத்துக்கு வெளியில் கட்டடமே கிடையாது. ஒரு பெரிய ரவுண்டபவுட்டுக்கு அடியில் சுரங்க நடைபாதைகள் வழியாக இறங்க வேண்டும். அந்த வீதியால் பஸ்ஸில் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். கீழே இப்படி ஒரு மண்டபம் இருப்பது தெரியாது. இரண்டு பிளாட்போம்களுக்கும் நடுவே, வளைந்த உயரமான கூரையோடு நீண்டு கிடக்கிறது அது. 1947இல் திறந்தார்கள். முப்பதுகளில் மொஸ்கோ நிலக்கீழ் ரயிலுக்கு லண்டன்காரர் ஆலோசனை சொன்னார்கள். அந்த உறவின் சாயல்தான் இந்த மண்டபம். பிளாட்போம் கடிகாரத்தில் எண்கள் இல்லை. எண் இருக்க வேண்டிய இடமெல்லாம் லண்டன் போக்குவரத்தின் வட்டச் சின்னம். யுத்தத்தால் நொந்து, சாப்பாட்டுக்குக் கூப்பன் வெட்டிக்கொண்டிருந்த நாடு, புறநகரத்துக் குமாஸ்தாவும் தட்டெழுத்துப் பெண்ணும் ஏறி இறங்கும் இடத்துக்கு இவ்வளவு உயரமான கூரை போட்டிருக்கிறது. வாங்கில் இருந்து மாசிச் சம்பல் வைத்த பாணைச் சாப்பிட்டோம், பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்தோம். ஆறேழு வண்டிகள் வந்து போயின. இறங்கியவர்களில் ஒருவரும் நிமிர்ந்து கூரையைப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்த ஓட்டம் ஓடியவள்.

அடுத்த நிலையம் நியூபரி பார்க். அங்கே பார்க்க வேண்டியது வெளியில் இருக்கும் பஸ் தரிப்பிடம். ஒலிவர் ஹில் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1949இல் திறந்தது. செம்புத் தகடு போர்த்த பெரிய வில்வளைவு. செம்பு களிம்பேறிப் பச்சையாகிவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கிறவர் நனையக்கூடாது என்பதற்காக ஒருவர் இத்தனை பாடுபட்டிருக்கிறார் என்பதை அக்கா திரும்பத் திரும்பச் சொன்னா.

பிறகு ஹெய்னோல்ட் சுற்றுப்பாதை. 1903இல் இந்தப் பாதையைப் போட்டவர்கள், ரயில் வந்தால் வீடுகள் பின்னால் வரும் என்று நம்பினார்கள். வீடுகள் வர வெகுகாலம் எடுத்தது. இன்றும் வயலும் மரமும் தெரிகிற பாதை இது, வண்டிக்குள் ஆட்கள் குறைவு. ரோடிங் வேலியில் இறங்கினோம். நிலக்கீழ் ரயிலின் ஆகக் குறைந்த ஆட்கள் பாவிக்கும் நிலையங்களில் இதுவும் ஒன்று. இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி. பிளாட்போமில் எங்கள் இருவரையும் விட ஆளில்லை. பாதையோரத்தில் முட்செடி, அதற்கப்பால் வீடுகளின் பின்வளவுகள், கொடியில் உடுப்புக் காய்கிறது. இந்த ஆரவாரமில்லாத பாதையில்தான் 1964இல் ரயிலைத் தானாக ஓட வைத்துப் பரீட்சித்தார்கள். அது சரிவந்த பிறகே 1968இல் விக்டோரியா பாதை அந்த முறையில் திறந்தது. நகரத்தின் நடுவே இலட்சக்கணக்கானோர் அவசரமாகப் போய்வரும் ஒரு பாதைக்கான ஒத்திகை, ஆளில்லாத இந்த மூலையில் நடந்திருக்கிறது.

அங்கேதான் அக்கா ஊர் நிலையங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினா. 1905இல் காங்கேசன்துறை வரைக்கும் பாதை வந்தது. 1990இல் வண்டி நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. நிலையங்கள் கூரையில்லாமல் நின்றன. சிலவற்றுக்குள் இடம்பெயர்ந்த சனம் இருந்தது. 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் அடுத்த வருடத் தொடக்கத்தில் காங்கேசன்துறைக்கும் வண்டி திரும்பி வந்தபோது, அக்கா அதில் ஏறவென்றே ஊருக்குப் போய் வந்தா. "ஸ்டேஷனெண்டால் சும்மா கட்டடமில்லைப் பிள்ளை. பாதை உடைஞ்சால்தான் அது தெரியும்" என்றா. வண்டி வந்தது. "விடு, அடுத்ததிலை போவம். எங்களுக்கென்ன, ஆர் காத்திருக்கினம்?" இருந்தோம்.

வுட்ஃபோர்டிலிருந்து ஹோபன் வரைக்கும் ஒரே இருப்பு. அங்கே பிக்கடிலி பாதைக்கு மாறி வடக்கே போனோம். எனக்கு நாளின் சிகரம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது, ஆனோஸ் குரோவில். செங்கல்லால் எழுப்பிய சதுரப் பீடத்தின் மேல் வட்டமான உயர்ந்த மண்டபம். சுற்றிவர நெடிய கண்ணாடி யன்னல்கள். உள்ளே நடுவில் ஒரே ஒரு தூண். அது தாங்கும் கூரை விரித்த குடை போல நாலாபக்கமும் பரந்திருக்கிறது. தூணைச் சுற்றிப் பழைய டிக்கெட் கூடு இன்னும் நிற்கிறது. நாங்கள் போன நேரம் வெயில் சரிந்து மேற்கு யன்னல்களால் விழுந்து, தரையில் வளைவாகக் கிடந்தது.

இதைக் கட்டியவர் சார்ல்ஸ் ஹோல்டன். கட்டுவித்தவர் ஃபிராங்க் பிக், அந்நாளில் லண்டன் நிலக்கீழ் ரயிலை நிர்வகித்தவர். பாதையைப் புறநகருக்கு நீட்டும் திட்டம் வந்தபோது இருவரும் 1930இல் ஜெர்மனி, ஹொலண்ட், ஸ்வீடன் என்று போய்ப் புதுக் கட்டடங்களைப் பார்த்துத் திரும்பினார்கள். 1931இல் சட்பரி டவுன், 1932இல் ஆனோஸ் குரோவ், 1933இல் சவுத்கேட்டும் கொக்ஃபொஸ்டர்ஸும் என்று வரிசையாக எழுந்தன. பெயர்ப்பலகை எழுத்து, வாங்கு, விளக்கு, குப்பைத்தொட்டி வரைக்கும் நன்றாக இருக்க வேண்டும் என்பது பிக்கின் பிடிவாதம். ஹோல்டனுக்கு அரசு சேர் பட்டம் கொடுக்க முன்வந்தது. இரண்டு தரமும் மறுத்துவிட்டார். கட்டடம் என்பது பலர் சேர்ந்து செய்யும் வேலை, அதற்குத் தனியொருவர் பட்டம் வாங்குவதா என்பது அவர் எண்ணம். இதைக் கேட்டதும் அக்கா தூணை ஒருதரம் தொட்டுப் பார்த்தா.

இங்கேதான் என் பதில். இந்த மண்டபங்களைக் கட்டியவர்கள் பணக்காரரை நினைத்துக் கட்டவில்லை. காலையில் போய் மாலையில் திரும்பும் சாதாரண மனிதர், நாளுக்கு இரண்டு தரம் இதற்குள்ளால் போகும்போது மரியாதையாக நடத்தப்பட வேண்டும் என்று கட்டினார்கள். ஆனால் அந்த மனிதருக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருப்பதில்லை. நாற்பது வருடம் கட்டணம் கட்டி, வரி கட்டி, இந்தக் கூரைகளையும் தூண்களையும் காப்பாற்றியவர்கள் நாங்கள். ஓய்ந்த பிறகு ஒரு கவுன்சில் எங்களுக்கு அட்டை தந்து, 'போய்ப் பாருங்கள்' என்று கதவைத் திறந்துவிடுவது தானமாகாது. எங்களுக்காகக் கட்டியது எங்களிடம் வந்து சேர்கிறது. ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் மட்டும் இந்த அட்டையைப் பாவித்து, மற்ற நேரம் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கும் எங்கள் ஆட்களை நினைத்தால் எனக்கு மனம் வேகிறது. பலருக்கு ஆங்கிலம் பயம். வழி தவறிவிடுவோம் என்ற பயம் அதைவிடப் பெரிது. வழி தவறினால் அடுத்த வண்டியில் திரும்பி வரலாம், அதற்கும் காசில்லை என்று நான் காண்கிற எல்லோருக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சவுத்கேட்டையும் அன்றே பார்த்தோம். அது தட்டையான வட்டக் கட்டடம். நகரும் படிகளின் நடுவே செப்பு நிற விளக்குக் கம்பங்கள் வரிசையாக மேலே வருகின்றன. அந்த விளக்குகளுக்காகவே இரண்டு தரம் ஏறி இறங்கினோம். கடைசி நிலையமான கொக்ஃபொஸ்டர்ஸில், பிளாட்போமை மூடிய கொங்கிறீட் சட்டங்களுக்குக் கீழே கால் நீட்டி இருந்தபோது முழங்கால் இரண்டும் கெஞ்சின. அக்கா அடுத்த பயணத்துக்கு ரொம்ஃபோர்டையும் அப்மின்ஸ்டரையும் இணைக்கும் சின்னப் பாதையைச் சொன்னா. நடுவில் எமர்சன் பார்க் என்று ஒரேயொரு நிலையம், அதற்கு ஒரேயொரு பிளாட்போம். அடுத்த வெள்ளி முருகன் கோயிலில் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் இடத்தில், அவ நாலைந்து பேரைச் சுற்றி இருத்திவைத்து, எந்த நிலையத்தில் மின்தூக்கி உண்டு, எதில் கழிப்பறை உண்டு, எதில் வாங்கு நிழலில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தா. ஒரு மாமி பின்னால் எழுதிவைக்கப் பேனை கேட்டா.